“அண்டைக்கு மத்தியானம் என்ன சமைச்சனீங்கள்?” – 95 இடப்பெயர்வை வீட்டு மூத்தோரிடம் கேட்டுப் பதிவது எப்படி

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, கொக்குவிலில் இருக்கிறார். பிள்ளை வெளிநாட்டில். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது 1995 இடப்பெயர்வு பற்றி, அதாவது இராணுவம் யாழ் நகரை நெருங்கியபோது நகரையும் அதைச் சுற்றிய வலிகாமத்தையும் விட்டுச் சனம் கிழக்கே தென்மராட்சிக்கு வெளியேறியது பற்றி, அம்மாவின் நினைவுகளைப் பதிவுசெய்ய வேண்டும். எப்படிக் கேட்பது, எதால் பதிவது, அவர் சொல்லும் திகதிகளை எவ்வளவு நம்புவது, இடையில் அழுதால் என்ன செய்வது, நீண்டகாலப் பாதிப்பைப் பற்றி எப்படிக் கேட்பது?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். “அம்மா, அந்த இடப்பெயர்வைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு கதை வரும். ஒரே இரவில் ஐந்து லட்சம் சனம், மழை, நாவற்குழிப் பாலம், குடையைத் தலைகீழாய்ப் பிடித்துத் தண்ணீர் குடித்தது. அது பொய் இல்லை. ஆனால் முப்பது வருடமாகப் பத்திரிகையிலும் நினைவுநாள் பேச்சுகளிலும் கேட்டுக் கேட்டு ஊருக்கே பொதுவாகிப்போன கதை. அதற்குள் உங்கள் அம்மா இல்லை.

அன்றைக்கு மத்தியானம் என்ன சமையல் என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளுக்குச் செய்தி எட்டியது பின்னேரமும் இரவுமாக. அடுப்பில் என்ன இருந்தது, சாப்பிட்டீர்களா, மிச்சச் சோற்றை என்ன செய்தீர்கள் என்று போனால் நினைவு தானாக வாசலுக்கு வரும். பிறகு இப்படி: “ஆர் வந்து சொன்னது? என்ன சொல் சொல்லிச்சினம்?” “வெளிக்கிடேக்கை கையிலை என்ன இருந்தது?” “கதவைப் பூட்டினனீங்களோ?” “சைக்கிளிலை என்ன கட்டினனீங்கள்?” “ஆடு, மாடு, நாயை என்ன செய்தனீங்கள்?” “பாலத்தடியிலை எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?” ஒவ்வொன்றும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளையோ அளக்கக்கூடிய ஒன்றையோ கேட்கிறது. “அப்ப உங்கடை மனநிலை எப்பிடி?” என்பதை விட்டுவிடுங்கள். தையல் மெஷினை ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டால் மனநிலை அதில் வரும்.

ஆர் சொன்னது என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும். புலிகளின் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு வெளிக்கிட்டவர்கள் உண்டு, பக்கத்து வீட்டார் போவதைப் பார்த்து வெளிக்கிட்டவர்கள் உண்டு, செல் கிட்ட விழத் தொடங்கியதால் அறிவிப்புக்கு முன்னமே போனவர்களும் உண்டு. போகாமல் நின்ற வயோதிபர்களும் இருந்தார்கள். “எல்லாரும் அறிவிப்பாலைதானே போனது?” என்று நீங்களே பதிலைக் கேள்விக்குள் வைத்தால் அம்மா “ஓம்” என்பார். அந்த “ஓம்” எதற்கும் உதவாது.

அடுத்தது திகதி. யாழ்ப்பாணத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரு தடவை இடம்பெயர்ந்தவர்கள் அல்லர். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் சண்டை. 1990 ஜூனுக்குப் பிறகு கோட்டைச் சண்டையும் பலாலிப் பக்க வெளியேற்றமும். 1995 ஜூலையில் இலங்கை இராணுவத்தின் முன்னேறிப் பாய்தல் நடவடிக்கை. ஒக்டோபர் 30 பெரிய இடப்பெயர்வு. 1996 ஏப்ரலில் தென்மராட்சியிலிருந்து திரும்பியது அல்லது கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனது. 2000இல் சாவகச்சேரி அழிந்தபோது தென்மராட்சியார் ஓடியது. இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 87இல் பதுங்கிய கோயில் 95 கதைக்குள் வந்துவிடும். வலிகாமம் வடக்கு ஆட்களுக்கு “இடப்பெயர்வு” என்றால் 1990தான். 95 அவர்களுக்கு இரண்டாவதோ மூன்றாவதோ. ஆகவே அம்மா எந்த ஓட்டத்தைச் சொல்கிறார் என்பதை ஒவ்வொரு அமர்விலும் உறுதிப்படுத்த வேண்டும். ஆனால் “எந்த வருசம்?” என்று கேட்டு அல்ல. வருடத்தைக் கேட்டால் அவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார், ஞாபகம் நின்றுவிடும்.

திகதியைப் பிடிக்க வேறு கொளுக்கிகள் இருக்கின்றன. 1995 ஒக்டோபர் 24 காலை சூரிய கிரகணம். இலங்கையில் அரைகுறையாகத் தெரிந்தது. அதையொட்டித் தீபாவளி, மறுநாளிலிருந்து கந்தசஷ்டி. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இராணுவம் ஒக்டோபர் 17இல் தொடங்கிய சூரியக்கதிர் நடவடிக்கை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒக்டோபர் 30 ஒரு திங்கட்கிழமை, கந்தசஷ்டி விரதம் முடிந்த கையோடு. விரதம் பிடிக்கிற வீடென்றால் “சஷ்டிக்குப் பாரணை செய்தனீங்களோ?” என்ற ஒரு கேள்வி போதும். அன்றிரவு வளர்பிறை அரைச் சந்திரன். அது நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். அதனால் முன்னிரவில் நடந்தவர் நிலவு கண்டேன் என்றாலும் பின்னிரவில் நடந்தவர் கும்மிருட்டு என்றாலும் இரண்டும் பொருந்தும். இடையில் மழை வேறு.

விமானங்களும் நல்ல சாட்சி. சியாமாச்செட்டி எண்பதுகளின் நடுப்பகுதியிலேயே வந்துவிட்டது. புக்காரா 1993இல். கிபிர் 1996இல். 1990இல் கிபிர் வந்து அடித்தது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. பிந்திய வருடத்தின் பெயர் முந்திய சத்தத்தில் ஏறிவிட்டது. “கிளாலியாலை போனனாங்கள்” என்பதும் அப்படியே. 1996 ஏப்ரலில் வன்னிக்குப் போனதாகவும் இருக்கலாம், அதற்கு முந்திய வருடங்களில் இரவில் படகேறி வவுனியா, கொழும்பு போனதாகவும் இருக்கலாம். பிறகு கரண்ட். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட ரேடியோவும் அந்தக் காலம். “லைட்டை நிப்பாட்டிப்போட்டு வெளிக்கிட்டம்” என்றால் அது 95 ஆக இருக்க வாய்ப்புக் குறைவு. 87 என்று பாருங்கள்.

இந்தச் சரிபார்ப்பெல்லாம் உங்கள் கொப்பியில் நடக்க வேண்டியது. அம்மாவின் முன்னால் திருத்த வேண்டாம். “இல்லை அம்மா, அது தொண்ணூறு” என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த ஒரு மணித்தியாலமும் அவர் உங்களிடம் சரியா என்று கேட்டுக் கேட்டுத்தான் பேசுவார். பிழையும் பதிவில் இருக்கட்டும், பக்கக் குறிப்பில் நீங்கள் எழுதுங்கள். எது எதோடு ஒட்டிக்கொண்டது என்பதே ஒரு தகவல்தான்.

ஒக்டோபர் 30 என்ற திகதிக்கு யாழ்ப்பாணத்தில் இன்னொரு பொருள் இருக்கிறது. வலிகாமத்துத் தமிழர் வீடுகளில் அதை ஒருவரும் கேட்பதில்லை. சரியாக ஐந்து வருடம் முன்னர், 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மாதத்தில் போனார்கள். உங்கள் அம்மாவுக்குச் சோனகதெருவில் தையல்காரரோ கடைக்காரரோ பள்ளித் தோழியோ இருந்திருப்பார். “அவையள் போன நாள் நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?” என்று கேளுங்கள். மௌனம் வந்தால் அந்த மௌனத்தையும் பதியுங்கள். தன் ஊரின் துயரத்தை மட்டும் சேர்க்கிற பதிவு அரைப் பதிவு என்பது என் கருத்து.

கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கைபேசி போதும். ஆனால் கைபேசியோடு வருகிற பதிவுச் செயலி பெரும்பாலும் சுருக்கிய கோப்பாகத்தான் சேமிக்கும். வேவ் வடிவில் பதியும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற், மொனோ என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 320 எம்பி பிடிக்கும். பத்து அமர்வுக்கு நாலு ஜிபி ஒதுக்கினால் போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வட்ஸ்அப் அழைப்பு பதிவை இடையில் நிறுத்திவிடும், நீங்கள் அறியவே மாட்டீர்கள். கைபேசியை மேசையில் வெறுமனே வைத்தால் கோப்பை வைக்கிற சத்தமெல்லாம் இடி மாதிரி விழும். நாலாய் மடித்த துவாய் மேல், அம்மாவின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மைக் அவர் பக்கம் பார்க்க வையுங்கள். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

கெடுப்பவை எவை என்று பார்த்தால் முதலில் மின்விசிறி. அடுத்தது குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர், தகரக் கூரையில் விழும் மழை, காகம். திருவிழாக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கியும் சேரும். நல்லூருக்கு இருபத்தைந்து நாள். தேரும் தீர்த்தமும் முடிந்த பிறகு இரண்டு வாரம் நிற்க முடிந்தால் அதுதான் பதிவுக்கு உகந்த நேரம். திருவிழா நாட்களில் வீட்டில் விருந்தாளிகள், அம்மாவுக்கு விரதம், களைப்பு. ஓர் அமர்வு 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். ஒருநாள் விட்டு ஒருநாள். மத்தியான நித்திரைக்குப் பிறகு தேநீரோடு தொடங்குங்கள். இருட்டிய பிறகு வேண்டாம், கேட்டதோடு படுத்தால் நித்திரை வராது.

மற்ற ஆட்கள் இருக்கலாமா? அப்பாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்தால் “அது அப்பிடியில்லை, நான் சொல்லுறன்” என்று கதையை எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் பாதையையும் சண்டையையும் சொல்வார்கள். பெண்கள் பால்மா, மாற்றுத்துணி, கழிப்பிடம், மாதவிடாய், பாடசாலை மண்டபத்தில் முப்பது குடும்பம் ஒரு கிணற்றில் அள்ளியது என்று சொல்வார்கள். இரண்டும் வேண்டும், தனித்தனியாக. மாதவிடாய், கழிப்பிடம் பற்றி மகன் கேட்டால் வராது. அதற்கு மகளோ மருமகளோ இருக்கட்டும்.

முதல் அமர்வில் ஓட்டத்தைத் தொடவே வேண்டாம். வீட்டை வரையச் சொல்லுங்கள்: ஒற்றைத் தாளில் பென்சிலால், படலை எங்கே, கிணறு எங்கே, பங்கர் எங்கே, மாமரம் எங்கே. பங்கருக்கு என்ன மூடி, பனங்குற்றியா தண்டவாளமா, மண்மூட்டை எத்தனை அடுக்கு என்பதெல்லாம் அந்தப் படத்திலிருந்து வரும். இரண்டாவது நாள் பாதை. செம்மணி, நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி என்று பெயர்களை நீங்கள் அடுக்காதீர்கள், அவர் சொல்லட்டும். மூன்றாவது நாள் தங்கிய இடம். இந்த மூன்றாவது நாளைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஓட்டம் ஓர் இரவு, தங்கல் ஆறு மாதம். யார் வீட்டு விறாந்தை, எத்தனை பேர், வாடகை கொடுத்தீர்களா, வீட்டுக்காரரோடு எதற்குச் சண்டை, கிடுகுக் கொட்டிலுக்குக் கிடுகு எங்கே வாங்கியது, பிள்ளைகளுக்குப் பள்ளி எப்போது தொடங்கியது. நாலாவது நாள் திரும்பி வந்த வீடு: என்ன இருந்தது, என்ன இல்லை, கதவு நிலை நின்றதா, முதல் இரவு எங்கே படுத்தீர்கள்.

அழுதால் பதிவை நிறுத்தப் பாயாதீர்கள். கையை நீட்டி நிறுத்தினால் “நீ அழுகிறது பிழை” என்று சொன்னது போல ஆகும். பேசாமல் இருங்கள், முப்பது எண்ணும்வரை. தண்ணீர் கொடுங்கள். பிறகு “நிப்பாட்டுவமோ, கொஞ்சம் இருந்து பாப்பமோ?” என்று கேளுங்கள். முடிவு அவருடையது. அழுத இடத்திலேயே அமர்வை முடிக்காமல், திரும்பவும் சாதாரணமான ஒன்றுக்கு, கிணற்றடிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொண்டுவந்து முடியுங்கள். கண்ணீரை விட நான் கவலைப்படுவது வேறு அறிகுறிகளுக்கு: கதையை நிகழ்காலத்தில் சொல்லத் தொடங்குவது, நடுங்குவது, நீங்கள் பக்கத்தில் இருப்பதையே மறப்பது. அப்போது நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள பொருட்களின் பெயரைச் சொல்லிப் பேசி இந்த அறைக்கு அழைத்துவர வேண்டும். இரண்டு மூன்று நாள் நித்திரை குழம்பினால் பதிவைக் கைவிடுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு உண்டு, ஆலோசனைக்குச் சாந்திகம் இருக்கிறது, தேசிய உளநலத் தொலைபேசி இலக்கம் 1926.

நீண்டகாலப் பாதிப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு உளவடு என்று எழுதியது இதைத்தான்: தனியாளின் நோயாக மட்டும் பார்த்தால் தெரியாது, குடும்பம், ஊர், நம்பிக்கை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். அதனால் “உங்களை எப்பிடிப் பாதிச்சது?” என்று கேட்டால் “ஒண்டுமில்லை, அது போட்டுது” என்ற பதில்தான் வரும். வீட்டைப் பாருங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில், அலுமாரியின் கீழ்த்தட்டில், இழுத்தெடுக்கக் கூடியதாக இருக்கிறதா? தீப்பெட்டியும் சீனியும் தேவைக்கு மேல் வாங்கி வைக்கிறாரா? மாரி இடி முழங்கினால் எந்த அறைக்குப் போகிறார்? ஹெலி சத்தத்துக்குப் பேச்சை நிறுத்துகிறாரா? “அந்தப் பை எப்ப இருந்து அங்கை இருக்கு அம்மா?” என்று கேளுங்கள். ஒரு மணித்தியாலப் பதிவு அந்தப் பையிலிருந்தே வரக்கூடும். பிள்ளைகளுக்கு என்ன சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தீர்கள் என்பதையும் கேட்கலாம். கேட்கிறவர் அந்தப் பிள்ளையே என்பதால் அதற்குத் துணிவு வேண்டும்.

வீட்டில் காணாமற்போனவர் ஒருவர் இருந்தால் எல்லா ஒழுங்கும் மாறும். 1996இல் குடாநாட்டில் பிடிக்கப்பட்டுத் திரும்பாதவர்கள் நூற்றுக்கணக்கில். செம்மணியில் 1999இல் பதினைந்து பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் செம்மணியின் சித்துப்பாத்தி மயானப் பகுதியில் திரும்பவும் அகழ்வு தொடங்கியது, ஓகஸ்டில் அங்கே எடுத்த பொருட்கள் பொதுமக்கள் அடையாளம் காணக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆகவே கடைசியாக உடுத்திருந்த உடுப்பின் நிறம், துணி, தைத்த கடை, செருப்பு, மோதிரம், முறிந்த எலும்பு, அடைத்த பல் என்பன கதைக்கு அலங்காரமல்ல, சாட்சியம். இங்கே ஒரு விதி கட்டாயம்: அம்மா தன் சொல்லில் விவரித்து முடிக்கும்வரை எந்தப் படத்தையும் காட்டாதீர்கள். படத்தில் பார்த்த சட்டை பிறகு நினைவிலும் ஏறிவிடும், அந்தச் சாட்சியம் பழுதாகும். இந்தப் பதிவைத் தனிக் கோப்பில் வையுங்கள், முகநூலில் போடாதீர்கள், வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபிறகே யாருக்கும் கொடுங்கள்.

மற்றப் பதிவுகளிலும் பெயர்கள் வரும்: காட்டிக்கொடுத்தவர், நகை எடுத்தவர், இயக்கத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த வீடு. அவர்களில் பலர் அதே ஒழுங்கையில் இன்றும் இருக்கிறார்கள். மூலப் பதிவில் கை வைக்க வேண்டாம். வெளியே போகும் பிரதியில் அந்த வினாடிகளை வெட்டுங்கள், எழுத்தில் “அயலவர் ஒருவர்” என்று போடுங்கள்.

சரிபார்க்க மிகச் சிறந்த ஆவணம் ஊரில் இல்லை, வெளிநாட்டில் இருக்கிறது. அந்த நாட்களில் குடாநாட்டு வீடுகளில் தொலைபேசி வேலை செய்யவில்லை. கனடா மாமி வீட்டிலும் லண்டன் சித்தி வீட்டிலும் 1995, 96 கடிதங்கள் பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும். கடிதத்தின் திகதியும் உறையின் தபால் முத்திரையும் யாருடைய ஞாபகத்தையும் விட உறுதியானவை. உறையை எறிய விடாதீர்கள். குரலைப் பதிந்து அனுப்பிய கசற்றுகளும் இருக்கலாம். பழைய பிளேயரில் உடனே ஓடவிட்டால் நாடா சிக்கும், முதலில் இரண்டு பக்கமும் ஒரு தடவை மெதுவாகச் சுற்றியெடுங்கள். ஒட்டும் பக்க அல்பங்களில் படங்களைக் கிழித்தெடுக்க வேண்டாம், மேல் பொலித்தீனை மட்டும் விலக்கி, நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுத்திருந்தால் அதையும். அக்காலப் பத்திரிகைகளுக்கு நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்தைப் பாருங்கள். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பின் அறிக்கைகளும் அந்தந்த நேரத்திலேயே எழுதப்பட்டவை.

எழுத்தாக்குவதற்கு ஒரு மணித்தியாலப் பதிவுக்கு ஆறேழு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தானியங்கிச் செயலிகள் யாழ்ப்பாணப் பேச்சில் தடுக்கி விழும். முதல் வரைவுக்கு மேல் நம்ப வேண்டாம். “வெளிக்கிட்டனாங்கள்” என்பதைப் “புறப்பட்டோம்” என்று திருத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி போடுங்கள். பெருமூச்சு, நீண்ட மௌனம் வந்த இடத்தை அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

கோப்புப் பெயரில் திகதி, இடம், அமர்வு இலக்கம். மூன்று பிரதி: ஒன்று கணினியில், ஒன்று வெளிவன்தட்டில், ஒன்று வேறு நாட்டில் இருக்கும் சகோதரரிடம். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக இணையுங்கள், குரல் செய்தியாகப் போனால் ஒலி சுருங்கிவிடும். ஆவணகத்துக்குக் கொடுப்பதா, எத்தனை வருடம் பூட்டி வைப்பதா என்பதை அம்மாவே தன் குரலில் சொல்லி, கடைசி அமர்வின் முடிவில் பதிந்துவிடுங்கள்.

எழுத்தாக்கியதைப் பெரிய எழுத்தில், 16 புள்ளியில், அச்செடுத்து ஒரு சிவப்புப் பேனையோடு அவரிடம் கொடுங்கள். கண் பார்வை போதாவிட்டால் வாசித்துக் காட்டுங்கள். சில இடங்களில் “இதை நான் சொன்னனானோ?” என்பார், சில வரிகளை வெட்டுவார். ஏன் என்று கேட்காதீர்கள். வெட்டிய வரி வெளியே போகும் பிரதியில் இருக்கக்கூடாது.